வராத சூப்

"எல்லா மேஜைக்கும் சூப் போகுது. நமக்கு மட்டும் ஏன் வரல?"

தொக்சூ மேஜை மணியை அழுத்தினார். இது மூன்றாவது தடவை.

"அப்பா, நண்டு வந்தாச்சு, மீன் வந்தாச்சு. இனிமே சூப்பை எங்க வைப்பாங்க, என் தலை மேலயா?" என்றாள் மகள் மிரே.

"அது இலவசம்மா. விடக்கூடாது."

சியோலின் சொங்சு பக்கம் செருப்புப் பட்டறையாக இருந்த கட்டடத்தில் புதிதாகத் திறந்த கடல் உணவகம் அது. நாகரிகமாம், மெனுவைப் படிக்கவே போன் வெளிச்சம் வேண்டும். பக்கத்து மேஜையில் இருப்பது மீனா மீன் வடிவப் பாத்திரமா என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை மிரேவுக்கு நேர்முகத் தேர்வு. இதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் கடைசிச் சுற்று வரை போய்க் கோட்டை விட்டவள். இந்தத் தடவை அப்பா விடுவதாக இல்லை. உணவக வாசலிலேயே, நாலு பேர் பார்க்க, ஒட்டும் யோத் மிட்டாயை அவள் வாயில் திணித்தார். மிட்டாய் பல்லில் ஒட்டுகிற மாதிரி வேலையும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதோடு நிற்காமல், பரிமாற வந்த பெண்ணிடமும் பெருமை அடித்தார். "நுரிபாதா கப்பல் கம்பெனி. இருக்கிறது ஒரே இடம். அது எங்க பொண்ணுக்குத்தான்."

அந்தப் பெண்தான் இப்போது ஓடி வந்தாள். மிரே வயதுதான் இருக்கும்.

"மன்னிக்கணும் ஐயா, சூப் தீர்ந்துபோச்சு."

அவள் முதுகுக்குப் பின்னால் மூடி போட்ட இரண்டு கிண்ணங்கள் பக்கத்து மேஜைக்குப் போயின.

"அப்ப அது என்ன, வெந்நீரா?"

"அது... அவங்க முன்னாடியே சொல்லி வச்சது."

"எங்களுக்குப் பின்னால வந்தவங்கம்மா அவங்க."

"ஐயா, சூப்புக்குப் பதிலா ஒரு தட்டு இறால் கொண்டு வரட்டுமா?"

"எனக்கு இறால் வேண்டாம். நியாயம் வேணும்."

"இறாலை வாங்கிக்கிட்டு நியாயத்தைக் கேளுங்களேன்" என்றாள் மனைவி கும்ஜா.

தொக்சூ போனைக் கையில் எடுத்தார். "இங்க பூரா சின்னஞ்சிறுசுங்க. நாம கிழடுங்கன்னு இளக்காரம். ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுறேன், பாரு."

நட்சத்திரம் என்றதும் முதலாளி வந்துவிட்டார்.

"ஒரு கிண்ணம் சூப்புக்கா இவ்வளவு ரகளை? சுல்கி, உனக்கு என்ன ஆச்சு?"

நாலு மேஜை திரும்பிப் பார்த்தது. சுல்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலாளியே மூன்று கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்து, வளைந்து கும்பிட்டுப் போனார்.

"பாத்தியா? கேட்டாத்தான் கிடைக்கும்" என்று தொக்சூ ஒரு கிண்ணத்தை மகள் பக்கம் தள்ளினார். "நாளைக்குப் போறவ, முதல்ல நீ குடி." அவரே மூடியைத் திறந்தார்.

கடற்பாசி சூப்.

வழவழவென்று கிடந்தது. தேர்வுக்குப் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில் அதன் பேரைக்கூட எடுக்கமாட்டோம். குடித்தால் வழுக்கும், தேர்விலும் சறுக்கிவிடும்.

கும்ஜா மகள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். தொக்சூ மூடியைப் போட்டு, அது திறந்துகொள்ளாதபடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. சுல்கியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா... இதுக்காகவா தீர்ந்துபோச்சுன்னு சொன்ன?"

"வாசல்ல மிட்டாய் ஊட்டினதைப் பாத்தேன் ஐயா. கடற்பாசின்னு சொன்னாலே உங்க மனசு சங்கடப்படுமேன்னுதான் சொல்லல."

தொக்சூவுக்கு வெட்கமாகிவிட்டது. எழுதியதை அழித்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டார். அப்படியும் மனசு ஆறவில்லை.

"உன்னைத் திட்டு வாங்க வச்சுட்டேன். உனக்கு ஏதாவது செய்யணும்மா. என்ன வேணும், சொல்லு."

சுல்கி முதலாளி பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மிட்டாய் மிச்சம் இருந்தா ஒரு துண்டு குடுங்க ஐயா. நாளைக்குக் காலைல அந்த ஒரே இடத்துக்கு நானும் வர்றேன்."