பக்கத்து வீட்டுக் குடம்

“அம்மா, குடத்தைக் கீழ வை. உன் குடத்தை நீ தொடக்கூடாது.”

தையல்காரம்மா திகைத்துத் திரும்பினாள். சொன்னது அவள் மகன். யாராவது குரலை உயர்த்தினாலே அவள் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிபவன்.

“யாருடா சொன்னது?”

“விளையாட்டு ரூல்மா.”

“விளையாடுற நேரமா இது? தண்ணி லாரி வந்து நிக்குது.”

லாரி வந்தால் அந்தத் தெருவே போர்க்களம். தள்ளுமுள்ளு, தலைமுடியைப் பிடித்து இழுப்பது, காது கூசும் பேச்சு. யார் குடம் யார் மேல் விழுந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பாதித் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும். அதில் முதலில் பாய்கிறவளே தையல்காரம்மாதான். வீட்டில் ஒரு சொட்டு இல்லாதபோது வெட்கம் பார்த்தால் ஆகுமா?

இன்று லாரி சற்று முன்னதாகவே வந்துவிட்டது. பெரியவர்களுக்கு விஷயம் எட்டுவதற்குள் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, தங்களுக்குள் சண்டை போட்டு, சமாதானமாகி, புதிதாக ஒரு விளையாட்டையே உண்டாக்கிவிட்டார்கள். காலிக் குடங்கள் ரயில் பெட்டிகள் மாதிரி தெருநீளத்துக்கு நின்றன. குடத்துக்கு ஒரு பிள்ளை காவல். மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுமி லாரிக் குழாயைப் பிடித்திருந்தாள். பின்சந்துப் பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் தையல்காரம்மா.

“நீதான் இந்தக் கூட்டத்துக்குத் தலைவியா?”

“இல்ல ஆன்ட்டி. இன்னைக்கு இன்ஜின் உங்க பையன். அவன் கை காட்டினாத்தான் தண்ணி விடுவேன்.”

“அவனா? நாலு பேர் முன்னாடி அவனுக்கு வாயே திறக்காதே.”

“கத்துறவங்க இன்ஜின் ஆக முடியாது. அதுதான் முதல் ரூல். பக்கத்து வீட்டுக் குடத்துக்குத்தான் காவல் நிக்கணும்கிறது அவன் போட்ட ரூல்.”

தையல்காரம்மா வரிசையைப் பார்த்தாள். மகன் நின்றது இஸ்திரிக்காரியின் குடத்தருகே. ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரி. தையல்காரம்மாவின் குடம் இருந்த இடத்தில், அதைப் பறிகொடுத்துவிட்டு உதடு பிதுங்க நின்றாள் இஸ்திரிக்காரியின் குட்டிப் பெண்.

“கடைசியில தண்ணி தீர்ந்து போச்சுன்னா உன் ரூலைக் குடிக்கிறதா?” என்று குடத்தோடு முன்னால் நடந்தாள் தையல்காரம்மா.

மகன் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினான். முதல் குடத்தில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.

“வரிசை கலைஞ்சா ரயில் நிக்கும்மா. சிந்தாம பிடிச்சா எல்லாருக்கும் வரும்.” குரல் நடுங்கியது. கால் மட்டும் நகரவில்லை.

“டேய், நான் உன் அம்மாடா.”

“அதனாலதான் முதல்ல உன்கிட்ட சொல்றேன்.”

தெரு மொத்தமும் வேடிக்கை பார்த்தது. கூட்டத்திலிருந்து இஸ்திரிக்காரியின் குரல் வந்தது. “குடத்தை வையேன்டி. என் குடத்துக்குக் காவல் நிக்கிறான் உன் புள்ள. நான் வாயை மூடிட்டு நிக்கல?”

தையல்காரம்மா குடத்தைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்தாள். குட்டிப் பெண் அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மகன் கை காட்டினான். ரயில் கிளம்பியது.

கடைசிக் குடமும் நிரம்பியது. லாரியில் அப்போதும் தண்ணீர் மிச்சமிருந்தது. ஒருவருக்கொருவர் குடம் தூக்கிவிட்டபடி கூட்டம் கலைந்தது.

தையல்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரியிடம் போனாள். “எந்த வீடும்மா நீ? உன் குடம் எங்க? நானே தூக்கிட்டு வந்து தர்றேன்.”

“எனக்குக் குடம் இல்ல ஆன்ட்டி” என்றவள், குழாயை இறுக்கி மூடிவிட்டு லாரியின் படியில் ஏறினாள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நெற்றியில் பெரிய கட்டோடு உள்ளேயே ஒடுங்கியிருந்த டிரைவரின் கதவைத் தட்டினாள்.

“அப்பா, இறங்கி வாங்க. இன்னைக்கு யாரும் குடத்தை வீசல.”