தாங்கும் எடை

“கையெல்லாம் பசை. இப்படியே போய் மேடம் முன்னாடி நிக்கப் போறியா? போய்க் கழுவிட்டு வா, உன் பாலத்தை நான் பாத்துக்கறேன்.” சொல்லிக்கொண்டே தங்கையின் விரல்களைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள் பெரியவள்.

“தேங்க்ஸ்க்கா” என்று சின்னவள் குழாயைத் தேடி வெளியே போனாள். “இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்” என்றாள் பக்கத்து மேஜைப் பெண். பெரியவள் அடக்கமாகச் சிரித்து வைத்தாள்.

அந்தப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எழுத்துத் தேர்வைத் தாண்டி வந்தவர்களை அறை அறையாக உட்கார வைத்து, ஐஸ் குச்சியும் பசையும் பிளேடும் கொடுத்துப் பாலம் கட்டச் சொல்வார்கள். அறைக்கு ஒரே ஒரு இடம். அக்காவும் தங்கையும் ஒரே அறையில் வந்து மாட்டிக்கொண்டது யார் செய்த வினையோ.

பாலம் எவ்வளவு தாங்குகிறது என்பதில் பெருமை ஒன்றும் இல்லை. எவ்வளவு தாங்கும் என்று கட்டியவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு அதில் வாளியைத் தொங்கவிட்டு மணலைக் கொட்டுவார்கள். சொன்ன எடைக்கு யாருடையது மிக நெருக்கத்தில் உடைகிறதோ, அவருக்கு இடம்.

போன வருடம் பெரியவள் இங்கேதான் கோட்டைவிட்டாள். இரண்டு முறைக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது என்பதால், இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு இல்லை. சின்னவளுக்கோ இதுதான் முதல் முறை.

ஆனால் வீட்டில் எல்லோரும் சின்னவளைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பெரியவள் கோடு போட்டுப் படித்த புத்தகத்தையே படித்து, அவளைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருந்தாள் அந்தப் புண்ணியவதி. “பெரியவளும் எழுதுறா” என்று அப்பா போனில் சொல்லும்போது அந்த ‘உம்’ நெஞ்சில் முள்ளாகக் குத்தும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பின்வரிசையில் திடீரென்று ஒரே சிரிப்பு. ஒருவன் தன் கட்டைவிரலையே பாலத்தோடு சேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தான். மேற்பார்வை மேடம் ஓடிப்போய் அதைப் பிரிக்கப் போராட, மொத்த அறையும் கழுத்தைத் திருப்பி வேடிக்கை பார்த்தது.

பெரியவள் மட்டும் பார்க்கவில்லை. பாரம் ஏறினால் முதலில் இழுபடுவது அடிக்குச்சி என்பது அவளுக்குத் தெரியும். தங்கையின் பாலத்துக்கு அடியில் பிளேடை விட்டு, அந்தக் குச்சியை நடுவில் பாதிவரை அறுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

சின்னவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்தாள். பாலத்தைத் தூக்கிப் பசை காய்ந்ததா என்று தடவினாள். மேஜையில் கிடந்த தூசியை ஊதிவிட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சாமி கும்பிடுகிறாள் போல என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

நாலைந்து பேருக்குப் பிறகு பெரியவளைக் கூப்பிட்டார்கள்.

“எவ்வளவு தாங்கும்?”

“பதினஞ்சு கிலோ மேடம்.”

மணல் விழுந்துகொண்டே இருந்தது. பதினாறைத் தொடும்போது பாலம் முறிந்தது. அதுவரை உடைந்தவற்றில் இதுதான் சொன்னதற்கு மிக அருகில். “பரவாயில்லையே” என்று மேடமே வாய்விட்டுச் சொன்னதும் பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டி படுக்கையோடு விடுதிக்குப் போகும் வரை கற்பனை ஓடியது.

வரிசையில் கடைசியாகச் சின்னவள்.

“எவ்வளவு தாங்கும்?”

“ஒன்பது கிலோ மேடம்.”

எப்போதும் அடக்கி வாசிக்கிறவள், இங்கேயும் அடக்கி வாசிக்கிறாள். பெரியவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தக் குச்சி இருக்கிற லட்சணத்துக்கு ஐந்தைத் தாண்டினாலே அதிகம்.

ஐந்து தாண்டியது. ஏழும் தாண்டியது. எட்டில் லேசாக ஒரு முனகல் கேட்டது. இன்னும் கொஞ்சம் மணல் விழுந்ததும் ‘படக்’கென்று பாலம் இரண்டானது. மேடம் குனிந்து தராசைப் பார்த்தார். நம்பாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். ஒன்பதுக்கு ஒரு பிடி மணல்தான் குறைவு.

அறையே கைதட்டியது. பெரியவளும் தட்டினாள், தட்டாமல் இருக்க முடியுமா? அறுக்காமல் விட்டிருந்தால் அது இருபதுவரை தாங்கி, சொன்ன கணக்கு தப்பி, இடம் தன் கைக்கு வந்திருக்கும். தன் கையாலேயே அவளுக்குப் பாதை போட்டுக் கொடுத்தோமே என்று நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. குருட்டு அதிர்ஷ்டமும் அவள் பக்கம்தான்.

படியில் இறங்கும்போது தங்கையின் தோளில் கைபோட்டாள். போடாவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

“அடிச்சுட்டே போ, லக்குடி உனக்கு. அதெப்படி அவ்வளவு கச்சிதமா ஒன்பதுன்னு சொன்னே?”

சின்னவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. யாராவது பின்னால் வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

“நீ அறுத்ததையும் சேத்துத்தான் கணக்குப் போட்டேன்க்கா.”