குண்டு விதை

கனடாவிலிருந்து விடுமுறைக்குத் தாழ்வுபாட்டுக்கு வந்த றொஷான், அப்பா றெனால்டிடம் இரண்டு பை சோள விதை கொடுத்துவிட்டுப் போனான். ஒன்றில் குண்டு விதைகள்; மற்றதில் சுருங்கிய விதைகள்.

றெனால்ட் குண்டு விதைகளை நட்டார். சுருங்கியதைக் கோழிக்குப் போடச் சொல்லிப் பக்கத்து வளவு யசிந்தாவிடம் கொடுத்தார். அவள் அதை நட்டுவிட்டாள்.

விளைந்ததும் பங்குச் சுவாமியாரை அழைத்து, முதற்பலன் என்று ஒரு சோளப் பொத்தியை அவித்துக் கொடுத்தார் றெனால்ட். சுவாமி நெடுநேரம் மென்றார்.

"இனிப்பு எப்பிடி, சுவாமி?"

"இன்னும் வந்து சேரேல்லை."

"வெளிநாட்டு இனிப்பு அப்பிடித்தான். பிந்தித்தான் தெரியும்."

அந்நேரம் யசிந்தாவும் ஒரு பொத்தி கொண்டுவந்தாள். சுவாமி அதைத் தக்கை மட்டும் மிஞ்சும்வரை கீழே வைக்கவில்லை.

"என்ர சோளத்தின்ர பூந்தூள் காத்தில போய் விழுந்திருக்கு. இல்லாட்டி அந்தச் சுருங்கலுக்கு இனிப்பு எங்காலை?" என்றார் றெனால்ட்.

"காத்து என்ர வளவிலயிருந்து உங்கட பக்கமெல்லோ அடிக்குது, அண்ணை," என்றாள் யசிந்தா.

மகனின் வீடியோ அழைப்பு வந்தது. றெனால்ட் போனைச் சுவாமியின் பக்கம் திருப்பினார்.

"பார் தம்பி, நீ தந்த குண்டு விதை. முதற்பலன் சுவாமிக்கு."

றொஷான் திரைக்குக் கிட்ட வந்து பொத்தியைப் பார்த்தான்.

"அப்பா, இனிப்புச் சோள விதைதான் சுருங்கிக் கிடக்கும். குண்டு விதை உங்கட ஆடுகளுக்கு எண்டு சொல்லித்தானே தந்தனான்."

சுவாமி, தான் கடித்து வைத்த றெனால்டின் பொத்தியைப் பார்த்தார். பிறகு ஆட்டுக்கொட்டிலைப் பார்த்தார்.

"முதற்பலனை உரியவரிட்டக் குடுக்கவேணும், றெனால்ட்," என்று அதைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்.