பொறுப்பேற்றவர்

போன வருஷம் சீனியர், சர்வர் நின்றால் எச்சரிக்கும் பழைய அலாரத்தைச் சோதனைக்காக அணைத்துவிட்டு, திரும்பப் போட மறந்துபோனார். மூன்று டேட்டாபேஸ் சர்வர்களும் அடுத்தடுத்துப் படுத்துக்கொண்டது யாருக்கும் தெரியவில்லை. பழி, அன்று டியூட்டியில் இருந்த நெட்டையன் தலையில் விழுந்தது. சீனியர் வாயே திறக்கவில்லை. வேலை போன நெட்டையன் அந்த மாதமே செத்தும் போனான்.

இன்று காலை புதிய அலாரத்தைப் பொருத்தியதும், சரிபார்க்க ஒரு சர்வரை அவரே நிறுத்தினார். அலாரம் அடித்தது. தகவல் போகும் பட்டியலில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனால் அவர் மவுஸைத் தொடுமுன்பே, திரையில் ‘பொறுப்பேற்றவர்’ என்ற கட்டத்தில் நெட்டையன் பெயர் வந்து நின்றது; அலாரம் அடங்கியது. கீழே ஒரு குறிப்பு.

“நான் பாத்துக்கறேண்ணே. இந்தத் தடவையும் உங்க பேரு வெளிய வராது.”

“அதுக்குள்ள பொறுப்பு எடுத்தாச்சா? யாரு?” என்றார் பின்னால் வந்த மேனேஜர்.

“நான்தான் சார்,” என்று திரையை மறைத்து நின்றார் சீனியர்.