மீட்டரில் நிற்காத எண்

கடைக்குள் வந்த பிறகும் டிண்டோ ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதன் முன்கண்ணாடியை அரை விரல் மட்டும் தூக்கிக்கொண்டு, கைக்குட்டையில் சுற்றிய எதையோ மேசைமேல் வைத்தான்.

"பேங்க்குல கொள்ளையடிக்கத்தான் இப்படி வருவாங்க" என்றான் கடைக்காரன் நொனோய். "கழட்டுண்ணே. இந்த இலோய்லோ ஊர்லே உன் ஸ்கூட்டர் சத்தம் தெரியாதவன் யாரு?"

"மெதுவாப் பேசு. வேப் டேங்க். ஒரு இழுப்புக்குப் புகை வருது, அடுத்த இழுப்புக்கு அணைஞ்சுடுது."

நொனோய் கைக்குட்டையைப் பிரித்தான். புகைப்பவரே கம்பியைச் சுற்றி, பஞ்சை அடைத்துக்கொள்ளும் வகை மின்சிகரெட் டேங்க் அது. அடிப்பாகத்தைக் கழற்றி ஓம் மீட்டரில் பொருத்தினான். புள்ளி நாலு என்றது. விரலால் லேசாகத் தட்டினான், புள்ளி ஒன்பது. இன்னொரு தட்டு, புள்ளி ஆறு.

"எண் நிக்கவே மாட்டேங்குது. கம்பி எத்தனை சுத்து?"

"தெரியல. ஆறோ ஏழோ."

"சுத்தின உனக்கே தெரியாதா?"

டிண்டோ பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. சந்தைப் பையோடு அவன் மனைவி ஜோவெலின் நின்றாள். வாசலில் நின்ற ஸ்கூட்டர் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஹெல்மெட் போட்டா எனக்கு அடையாளம் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றாள்.

கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா இஸ்கோ போட்டது ஒரே ஒரு நிபந்தனை. எல்லோரும் சேர்ந்து இருக்கும் இந்த வீட்டில் புகை கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு நடுவில் ஜோவெலின் அரிசி டப்பாவை நகர்த்தியபோது, பின்னாலிருந்து இந்த டேங்க் உருண்டு வந்தது. பேச்சு நின்றது. "என்னுதுதான்" என்று டிண்டோ தலையைக் குனிந்துகொண்டான்.

தேவாலயத்தில் ஜெபம் நடத்துகிறவர் இஸ்கோ. இடது கையிலிருந்த கரண்டியை மருமகனை நோக்கி நீட்டினார். "எனக்குக் குடுத்த வாக்கு இதுதானா? வெட்கமா இல்லையாடா?" அவர் குரல் நடுங்கியது. உறவினர்கள் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு தடவை இதைக் கையில் பார்த்தால் உன் அம்மா வீட்டுக்கே போய்விடு என்று அன்றைக்கே ஜோவெலின் சொல்லிவிட்டாள்.

"உன் துணியெல்லாம் சாயங்காலம் அங்கே வந்துடும்" என்றாள் இப்போது.

"ஜோ, இங்கே வேண்டாம்."

"வேற எங்கே பேசறது? உறவுக்காரங்க முன்னாடி போன மானம் நொனோய் முன்னாடியும் போகட்டும். அன்னையிலேர்ந்து அப்பா சரியாச் சாப்பிடறதில்ல. தேவாலயத்துப் பக்கமே போகல. என் முகத்தைக்கூடப் பார்க்கறதில்ல. எல்லாம் உன்னாலதான்."

டிண்டோ கைக்குட்டையை வலது கையில் கசக்கிக்கொண்டு நின்றான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வியர்வை வழிந்து கழுத்தில் இறங்கியது.

எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நொனோய் டேங்கையே பார்த்தான். நடு ஊசியை ஸ்பிரிட்டால் துடைத்தான். அதை இறுக்கிவிட்டு மீட்டரில் வைத்தான். எண் மறுபடியும் குதித்தது. பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்திருக்கும் திருகை மெல்ல முறுக்கினான். ஒவ்வொரு முறுக்குக்கும் கம்பியின் முனை நழுவி வெளியே வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"கோளாறு இதுதான். திருகு வலப்பக்கமாத்தான் இறுகும். கம்பியும் அந்தப் போக்குலயே போனா, திருகு அதை உள்ளே இழுத்துப் பிடிச்சுக்கும். இதுல தலைகீழாச் சுத்தியிருக்கு. முறுக்க முறுக்க வெளியே தள்ளுது. இடதுகைக்காரங்க பழக்கத்துல செய்யற தப்பு இது." டிண்டோவை ஏற இறங்கப் பார்த்தான். "நீ எப்போலேர்ந்துண்ணே இடது கைக்கு மாறினே?"

டிண்டோ அவசரமாக வலது கையை டேங்கை நோக்கி நீட்டினான்.

ஜோவெலின் கணவனின் வலது கையைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த கம்பிச் சுருளைப் பார்த்தாள். சந்தைப் பையைக் கீழே வைத்தாள்.

கிட்டே வந்து அவன் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றி முழுக்க நனைந்திருந்தது. தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

"அத்தனை பேர் முன்னாடி உன்னை..." என்றாள்.

"விடு, ஜோ. வீட்டுக்குப் போகலாம்" என்றான் அவன், அவள் காதில் மட்டும் விழும்படி.

"இரு."

ஜோவெலின் கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தாள். மறுமுனையில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, கம்பியைத் திருகு போற பக்கமாச் சுத்தணுமாம்."