நீலக் கோடு

தையல்காரம்மா மறுபடியும் கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். ஓவியருக்கு வந்ததே கோபம்!

கால்வாயோரத் தெரு அது. வருஷா வருஷம் மழை பேய்மழையாகிக்கொண்டே போக, இந்தத் தடவை தண்ணீர் கழுத்தளவு ஏறி, தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. வடிந்ததும் ஓவியர் வந்தார். தண்ணீர் நின்ற உயரத்துக்கு வீடு வீடாக ஒரு நீலக் கோடு இழுத்தார். பார்க்கிறவன் நெஞ்சு பதறணும், இந்த ஏழைகளுக்கு ஒரு வழி பிறக்கணும் என்றுதான் செய்தார். பொய் சொல்லக்கூடாது, மனுஷன் நல்லவர்.

தெருவே கோட்டுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. தையல்காரம்மா மட்டும், கோடு வேண்டாம் என்றாள். அவள் மெஷினே கதியென்று இருந்த நேரமாகப் பார்த்து வரைந்துவிட்டுப் போனார். விடிந்து வந்தால் சுண்ணாம்பு. திரும்ப வரைந்தார். திரும்பச் சுண்ணாம்பு.

"உங்களுக்காகத்தானேம்மா இந்தப் பாடு படறேன்? நீங்க பட்ட கஷ்டம் ஊருக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு?"

நன்றி கெட்ட ஜென்மம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போனார். அழித்துவிடுங்கள் என்று அவள் அக்கம்பக்கத்திலும் சொல்லிப் பார்த்தாள். பேப்பரில் படம் வரப்போகிற நேரத்தில் இவளுக்கென்ன வயிற்றெரிச்சல் என்று அவள்மேலேயே பாய்ந்தார்கள்.

படமும் வந்தது. அவள் வீடு மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி வெறிச்சென்று தெரிந்தது. கண்காட்சி வைத்தார்கள். பெரிய அதிகாரிகளே வந்து பார்த்து உச்சுக்கொட்டினார்கள். சீக்கிரமே நடவடிக்கை என்று தகவல் வர, ஓவியர் தெருவோடு சேர்ந்து சந்தோஷப்பட ஓடி வந்தார்.

தெருவில் புல்டோசர் நின்றது. பாதி வீடுகள் ஏற்கெனவே மண்மேடு.

அதிகாரி ஓவியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆபத்தான வீடு எதெதுன்னு தெரியாமத் தவிச்சோம் சார். உங்க கோடு இருக்கற வீட்டையெல்லாம் எடுத்துடச் சொல்லிட்டாங்க. எங்களுக்கு அளக்கற வேலையே மிச்சம்."

"இவங்களுக்கு மாத்து வீடு?"

"அது வேற இலாகா சார்."

ஓவியர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். மிஞ்சப்போவது தையல்காரம்மாவின் வீடு ஒன்றுதான். தன்னைத் திட்டினவர்களின் பாத்திரம் பண்டங்களை வாங்கி வாங்கி அவள் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அன்னிக்கே விவரமா சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் நிமிரவில்லை.

"முன்னாடி இருந்த இடத்துலயும் இப்படித்தான் கோடு போட்டாங்க தம்பி. அங்க வாய் வலிக்க விவரம் சொன்னேன். அதான் இங்க சுண்ணாம்பு அடிச்சேன்."