மூன்றாவது தடவை வந்த சீட்டு

மருந்துக் கடைக்காரர் சீட்டைத் திருப்பித் தள்ளினார்.

"காலையிலிருந்து இதை ரெண்டு தடவை திருப்பி அனுப்பியாச்சு. பையனுக்குப் பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி குறைவுன்னு இதிலேயே இருக்கு. அதை இன்னும் அடக்குற மாத்திரையா? டாக்டர் கை தவறி எழுதிட்டார்."

எதிரே நின்ற பெண் நகரவில்லை.

"அந்தச் சக்தி கிருமியைக் கண்டா பம்முது, சொந்தக் குடலைக் கண்டா பாயுது. குடல் புண்ணாகி ரத்தம் போகுது. அடக்கித்தான் ஆகணும்."

"நெட்ல படிச்சீங்களாம்மா?"

"பன்னெண்டு வருஷமாப் படிக்கிறேன். மாத்திரை இல்லாம போக மாட்டேன்."

"அதை டாக்டரே சொல்லட்டும்." சீட்டிலிருந்த எண்ணை அழுத்தினார்.

அவள் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. அவரைப் பார்த்தபடியே எடுத்தாள்.

"டாக்டர்தான் பேசுறேன். என் கை தவறலை. பையனோட அம்மா வெளியில அழுதுட்டு நிக்கிறாங்க. கூப்பிட்டு, மாத்திரையை அவங்க கையில கொடுங்க."